தேன்கல்லில் கயிறு பிடிக்க ஆள் வேண்டும்

நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண் எதற்காகப் பாறையில் தொங்க வேண்டும்? கல்முனையில் என்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் இதைக் கேட்டுவிட்டார்கள்.  

பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த தோழி ஒருத்தி கண்டியில் இருக்கிறாள். கயிறு கட்டிப் பாறை ஏறும் சிறு கூட்டமொன்றில் சேர்ந்திருக்கிறாள். சாகாமத்துக்கு மேற்கே, காட்டுக்குள், தேனெடுப்பவர்கள் இறங்குகிற தேன்கல் என்ற பாறை ஒன்று உண்டென்று வாய்தவறிச் சொன்னது நான்தான். சித்திரை விடுமுறையில் நாலு பேராக வருவதாக அவள் உடனே முடிவு செய்துவிட்டாள். ஒரு நிபந்தனை: நான் முதலில் போய், பாறையின் நடுவில் இருக்கும் குகை வரை இறங்கிப் பார்த்து, வரலாம் என்று சொல்ல வேண்டும். இல்லையென்றால் வேறு இடம். பாடசாலையும் வீடுமாக ஓடிய இத்தனை வருடங்களில் எனக்கென்று நான் போட்ட திட்டம் இது ஒன்றுதான். அதனால் எண்பத்திரண்டாம் ஆண்டுப் பங்குனியில், தவணைப் பரீட்சைத் தாள்களைத் திருத்திய களைப்போடு புறப்பட்டேன்.

தனியாகப் போக விடவில்லை. என்னை ராத்தா என்றழைக்கும் தங்கை தன் கணவர் இஸ்மாயிலைத் துணைக்கு அனுப்பினாள். அவர் புடவைக்கடை வைத்திருக்கிறார். ஒரு நாள் வியாபாரம் போயிற்று என்று அக்கரைப்பற்று வரை சொல்லிக்கொண்டே வந்தார். கல்முனையில் பஸ் ஐந்தே முக்காலுக்கு; பதினாறு மைல், மூன்று ரூபாய். நிந்தவூரில் மீன்பெட்டிகள் ஏறியபின் கால் வைக்க இடமில்லை. அக்கரைப்பற்றில் இரண்டு மணிநேரம் காத்திருந்து சாகாமம் போகும் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறினோம். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அங்க கோயில் ஏதும் இரிக்கா டீச்சர்?"

"இல்லை."

"மறுகா என்னத்துக்குப் போறீங்க?"

இஸ்மாயில் என்னைப் பார்த்தார். நான் வயலைப் பார்த்தேன்.

சாகாமக் குளக்கட்டில் எங்கள் வழிகாட்டி கணபதி காத்திருந்தார். தேனெடுப்பவர், வாய் ஓயாதவர். அங்கிருந்து மூன்றரை மைல் நடை. எழுபத்தெட்டுச் சூறாவளியில் முறிந்த மரங்கள் இன்னமும் பாதையில் குறுக்கே கிடக்கின்றன. ஏறிக் கடக்க வேண்டும். கணபதியின் கேள்விகளுக்கு இஸ்மாயில்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்து வழக்கத்தைப் பெருமையாகவே விளக்கினார்: வீடு பெண்பிள்ளைக்குத்தான், கலியாணம் முடித்தவன் பெண்வீட்டுக்கு வருவான். வாப்பா மூத்தவளான என் பெயரில் எழுதிய வீடு. எனக்குக் கலியாணம் நடக்கவில்லை. எனக்குப் பிறகு அது தன் மகளுக்கு என்பதையும் இஸ்மாயில் சொல்லிவிட்டார்.

தேன்கல்லின் பின்பக்கம் சரிவு. மெதுவாக நடந்தே உச்சிக்குப் போகலாம். முன்பக்கம் செங்குத்து. உச்சியில் உள்ள பாலை மரத்தில் கணபதி கொடி ஏணியைக் கட்டித் தொங்கவிட்டார். பாலமுனைக் கரைவலைக்காரரிடம் வாங்கிய நைலோன் கயிற்றையும் அதே மரத்தில் முடிந்து, மறுமுனையை என் இடுப்பில் கட்டினார்.

"டீச்சருக்குக் கயிறு ஆரு பிடிக்கிற?"

"நான்தான்," என்று இஸ்மாயில் முன்னால் வந்தார்.

"ஏலா காக்கா." காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்; கணபதி கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஏன், என்ர கையில பெலன் இல்லையா?"

"பெலன் இரிக்கி. எனக்குக் கயிறு பிடிக்கிற ஆரு தெரியுமா? பொஞ்சாதிர தம்பி. நான் விழுந்தா அவன்ர அக்காவும் அஞ்சு பிள்ளையும் அவன்ர வீட்டுக்குத்தான் போவாங்க. விடுவானா கயிறை? டீச்சர் விழுந்தா உங்கட மகளுக்கு வீடு வரும். அப்பிடி ஆளைக் கயிறில வைக்கிற இல்ல."

இஸ்மாயிலின் முகம் சிவந்துவிட்டது. "அஞ்சு நேரம் தொழுகிற மனிசன் நான்! என்னைப் பாத்து என்ன கதை கதைக்கிறாய்?"

"நீங்க நல்ல மனிசன்தான் காக்கா. கயிறுக்கு அது தெரியாதே."

மரம்தானே பாரத்தைத் தாங்குகிறது என்றேன். "முடிச்சு நழுவினா மரம் பாஞ்சு பிடிக்குமா?" என்று கேட்டார். பிறகு சற்று இரக்கத்தோடு, "நீங்க செத்தா நட்டப்படுற ஆள் வேற ஆரும் இல்லையா டீச்சர்?"

யோசித்தேன். உம்மா, வாப்பா இல்லை. சகோதரன் கிடையாது. பாடசாலைக்கு அடுத்த தவணையே வேறு ஆசிரியை வருவார்.

"இல்லை," என்றேன்.

 கணபதி கூலி வேண்டாமென்று ஏணியைச் சுருட்டினார். சாகாமத்தில் வண்டிக்காரரின் வீட்டில் தங்கினோம். முழங்கால் வீங்கியிருந்தது. தோழிக்கு என்ன காரணம் எழுதுவது என்று யோசிக்கவும் தெம்பில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். தேனீ கூடு கட்டுவதற்கு முன், சித்திரைக்குள் போங்கள். மாரியில் பாதை இல்லை. குடிநீரைக் குளக்கட்டிலேயே எடுங்கள். சேலை உதவாது, நான் சல்வார் அணிந்து தலைத்துணியைப் பின்னால் முடிந்துகொண்டேன். உச்சியிலிருந்து கடல் தெரியும் என்பார்கள். நான் நின்ற நேரம் தெரியவில்லை. கயிறு விடயத்தில் கணபதியோடு வாதிடுவதால் பயனில்லை. ஆளோடு போங்கள். சொத்து விபரம் பேசாத ஆளாக இருந்தால் நல்லது.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு இஸ்மாயில், "வாங்க மச்சி, போவம்," என்று மனைவியின் அக்காவான என்னைக் கூப்பிட்டார். கணபதியையும் அவரே எழுப்பி இழுத்து வந்தார். உச்சியில் என் இடுப்புக்கும் மரத்துக்கும் இடையில் இருந்த கயிற்றைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தார். விளிம்புக்குப் பக்கத்தில் காலை ஊன்றி, என் பக்கத்துக் கயிற்றைக் கையில் பிடித்து உட்கார்ந்தார்.

"இப்ப அவங்க விழுந்தா நானும் விழுவன். என்ர பொஞ்சாதிக்கு ராத்தாவும் இல்ல, புருசனும் இல்ல. இது நட்டமா இல்லையா, சொல்லு!"

கணபதி முடிச்சை இழுத்துப் பார்த்தார். "பெரிய நட்டம் காக்கா," என்று சிரித்தார். "இறங்குங்க டீச்சர்."

இறங்கினேன். ஏணிப்படிகளை ஒவ்வொன்றாகக் காலால் தேடினேன். குகை வாசலுக்கு இரண்டடி மேலே கயிறு நின்றுவிட்டது. காலை நீட்டினேன், எட்டவில்லை.

"மச்சான், கொஞ்சம் விடுங்க!"

"விடமாட்டன்!"

"குகை கிட்டத்தான் இரிக்கி, ரெண்டடி!"

"விடமாட்டன் மச்சி!"

கணபதி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்ததாம். வௌவால் நாற்றமும் பழைய தேன்மெழுகும் உள்ள அந்தக் குகையில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு மேலே ஏறினேன். பின்னேரம் அக்கரைப்பற்றில், பஸ் வருமுன், கண்டிக்குத் தந்தி அடித்தேன்: வரலாம்.