மூன்று மாடி ஏறுகிறேன் என்று சொன்ன பொய்

போன வருடம், மழைக்காலம் தொடங்குவதற்கு முன். மலேசியாவில் கோத்தா திங்கி பக்கம் ஓர் ஆஸ்பத்திரி. அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன். நிலத்திட்டக் குடியிருப்பிலிருந்து வந்த மலாய்ப் பெரியவர் ஒருவர். அவருடைய ஆக்சிஜன் உருளையை இழுத்து வந்த அவர் மனைவி. முன்பு டாக்சி ஓட்டிய சீனர் ஒருவர். பலகைத் தொழிற்சாலையில் வேலை செய்த தமிழ் அம்மா ஒருவர், ஐம்பது வயது இருக்கும். பாடம் நடத்திய மலாய்ப் பெண், எல்லோரும் மிஸ் என்று கூப்பிட்டோம். பிறகு நான்.

பெரியவர், சீனர், அந்த அம்மா, நான். நாலு பேருக்கும் நுரையீரல் கெட்டுப்போனது. எனக்கு வந்து எட்டு வருடம். செம்பனை ஆலையில் பாய்லர் வேலை, அதோடு சிகரெட். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, செவ்வாய்க்கிழமைதோறும் இந்தக் கூட்டத்துக்கும் போங்கள், மனசுக்கு நல்லது என்றார். நெஞ்சுதானே கெட்டது, மனசுக்கு என்ன என்று நினைத்தேன். ஆனாலும் போனேன்.

முதலில் மூச்சுவிடச் சொல்லிக் கொடுத்தார்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். அது முடிந்ததும் மிஸ், உங்களுக்கு எதற்குப் பயம், ஒவ்வொருவராகச் சொல்லுங்கள் என்றார். பேச்செல்லாம் மலாயில்தான்.

பெரியவர், சிரிக்கப் பயம் என்றார். சிரித்தால் இருமல் வருகிறது, இருமினால் மூச்சு நிற்கிறது. அதனால் வீட்டில் முகத்தை உர்ரென்று வைத்திருக்கிறாராம். அவர் மனைவி உடனே, "நோய் வர்றதுக்கு முன்னாடியும் அப்படித்தான்" என்றார். பெரியவரே சிரித்து இருமினார். சீனர், படுக்கப் பயம் என்றார். நாற்காலியில்தான் தூங்குகிறார்.

அந்த அம்மா, குளிக்கப் பயம் என்றார். தலையில் தண்ணீர் விழுந்ததும் யாரோ மூக்கைப் பொத்துகிற மாதிரி இருக்கிறதாம். கதவைத் திறந்து வைத்துத்தான் குளிக்கிறார். அவர் கணவர் வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து நான்.

எனக்கும் அதே பயம்தான். வாயில் அடிக்கிற மருந்துப் பம்பு சட்டைப் பையில் ஒன்று, தலையணைக்குக் கீழே ஒன்று, குளிக்கும் அறையில் சோப்பு டப்பாவில் ஒன்று வைத்திருந்தேன். ஆனால் வாயில் வந்தது வேறு. "எனக்குப் பயம் எதுவும் இல்லை. தினம் மூன்று மாடி ஏறுகிறேன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்றால் பழக்கம். ஆலையில் மேலாளர் வந்து "போலே?" என்று கேட்பார். மலாயில், முடியுமா என்று அர்த்தம். "போலே" என்று சொன்னால்தான் வேலை. இருபத்தாறு வருடம் அதைத்தான் சொன்னேன்.

வெளியே வரும்போது அந்த அம்மா கேட்டார்.

"அண்ணே, நெசமாவே மூணு மாடியா?"

"ஆமா."

"எத்தன வருசமா இந்த நோய்?"

"எட்டு."

"எனக்கு மூணு வருசந்தான் ஆச்சு" என்றார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. தமிழ் ஆள் நீங்கள் ஒருவர்தானே அங்கிள், கூப்பிட்டுப் பாருங்கள் என்று மிஸ் போன் போட்டுக் கொடுத்தார். கணவர்தான் எடுத்தார்.

"வரமாட்டேங்கிறா அண்ணே. எட்டு வருச நோயாளி ஒருத்தரு மூணு மாடி ஏறுறாராம். நம்ம வீடும் மூணாவது மாடிதான், லிப்ட் கெடயாது. இவ ஒவ்வொரு மாடியிலயும் உக்காந்து உக்காந்து வர்றா. தப்பு நோயில இல்ல, என்கிட்டதான்னு அழுவுறா. மருந்து என்னத்துக்குன்னு பம்பையும் தொட மாட்டேங்கிறா. யாரு அண்ணே அந்த ஆளு?"

"தெரியல" என்று வைத்துவிட்டேன்.

நாலு நாள் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால், அந்த அம்மா போய்விட்டார் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தோன்றும். பம்பு அடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானே இரண்டு தடவை அவசரப் பிரிவுக்குப் போய் வந்தவன். போனில் சொல்லிவிடலாம் என்று எடுப்பேன், வைப்பேன். ஐந்தாவது நாள் கணவரிடம் வீடு எங்கே என்று மட்டும் கேட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் மாடி வரை எப்படியோ போய்விட்டேன். அதற்கு மேல் பாதிப் படியில் நெஞ்சு பூட்டிக்கொண்டது. பம்பு இரண்டு தடவை அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. வேர்த்தது. கண் இருட்டியது. இங்கேயே செத்துவிடுவேன் என்று பயந்தேன். பயந்ததும் இன்னும் அடைத்தது. படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மதியச் சோறு வாங்கிக்கொண்டு மேலே போன ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, மாடியைப் பார்த்துக் கத்தினார். அவர்தான் கணவர். அந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். எனக்கு எதிரே, ஒரு படி கீழே உட்கார்ந்தார்.

"அண்ணே, என்னைப் பாருங்க. மூக்கால இழுங்க. இப்ப ஊதுங்க. சூடு தேத்தண்ணிய ஊதுவோம்ல, அந்த மாதிரி. அவசரம் வேணாம்லா."

அவரும் கூடவே ஊதினார். கால் மணி நேரம் இருக்கும். மூச்சு வந்தது. வந்ததும் சொல்லிவிட்டேன்.

"நான் சொன்னது பொய் தங்கச்சி. என் வீடு தரை வீடு. மாடியே கெடயாது. எனக்கும் குளிக்கப் பயம்."

கணவர், "அந்த ஆளு நீங்கதானா? போன்ல தெரியலன்னீங்க" என்றார்.

"அதுவும் பொய்தான்."

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது. "பதினஞ்சு நாளுக்கு மேல ஆச்சு அண்ணே. நான் ஒண்ணுக்கும் லாயக்கில்லன்னு என்னையே திட்டிக்கிட்டுக் கெடந்தேன். அன்னிக்கே சொல்லியிருந்தா வாய் வெந்தா போயிருக்கும்?"

தப்பு என்றேன். சோப்பு டப்பாவில் பம்பு வைத்திருப்பதைச் சொன்னேன்.

"சோப்பு டப்பாவிலயா? நனையாது?"

"பிளாஸ்டிக் பையில கட்டி வச்சிருக்கேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் இருமல். இப்போது நான் ஊதச் சொன்னேன். கணவர் சோற்றுப் பொட்டலத்தோடு நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு யாரைத் தூக்குறதுன்னு எனக்கே தெரியல போங்க" என்றார். பிறகு மேலே போய் மனைவியின் பம்பை எடுத்து வந்தார். என் கண் முன்னால்தான் அந்த அம்மா அதை அடித்தார்.

"செவ்வாய்க்கெழம வர்றேன். ஆனா நீங்கதான் மொதல்ல பேசணும். எல்லார் முன்னாடியும்" என்றார்.

பேசினேன். நாலைந்து வாக்கியம்தான். பாய்லர் முன்னால் நிற்பதை விடக் கஷ்டமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. சீனர் மட்டும், தன் வீட்டில் எங்கெங்கே பம்பு இருக்கிறது என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார்.

பயம் இல்லை என்று நான் சொன்ன ஒரு வார்த்தை ஒருவரை மருந்தையே விட வைத்தது, அது இன்னும் என்னைக் குத்துகிறது, அதனால் இப்போது யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலை கடைக்கு நடந்து போய் வந்தேன். வழியில் நின்றது ஆறு தடவை.