சுவருக்கு அந்தப் பக்கம்

சித்திரை வெயிலில் கோயில் சுவரோடு ஒட்டி நின்று, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தேங்காய் நாரால் அவள் சுண்ணாம்பைத் தேய்த்த காட்சி இன்னும் என் கண்ணில் இருக்கிறது. வழியை மறித்த அரளிக் கிளைகளை ஒடித்துப் போட்டிருந்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளை. பக்கத்தில் அவள் கணவர், என் கொழுந்தனார், பட்டறைக் கறை படிந்த சட்டையோடு குடை பிடித்துக்கொண்டு நின்றார். குடை முழுக்க அவள் தலைக்கு மேல். அவர் முதுகு வெயிலில். சுண்ணாம்புக்குள்ளிருந்து, கல்லில் செதுக்கிய கோடு ஒன்று தெரிந்தது. பிறகு இன்னொன்று. "அக்கா, இங்க வந்து பாரேன்!" என்று கத்தினாள். நான் போனேன். கோட்டைப் பார்ப்பதற்கு முன்னால் குடையைத்தான் பார்த்தேன்.

அவள் என் ஓர்ப்படியாள், கணவருடைய தம்பியின் மனைவி. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு நான் மருமகளாக வந்து பல வருஷம் கழித்து, வாழப்பாடியிலிருந்து வந்தவள். எங்கள் பக்கம் கைக்குழந்தையைக்கூட 'வாங்க சாமி' என்றுதான் கூப்பிடுவோம். அவள் வந்த மறுநாளே என்னை 'நீ' என்றாள். அவள் ஊரில் அதற்குப் பாசம் என்று பேர். எனக்குச் சுருக்கென்றது. வாய் ஓயாத பேச்சு, தெரு முனை வரைக்கும் கேட்கும் சிரிப்பு, எதையும் 'ஏன்' என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த வேலை. எங்கள் மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், "பெரியவ படிச்சவ, சின்னவ சூட்டிகை" என்று சொல்ல ஆரம்பித்தார். இரண்டும் பாராட்டுத்தான். ஆனால் இரண்டாவதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்தது.

நான் தனியார் பள்ளியில் பூகோளம் நடத்துகிறேன். என் கணவர் ரிக் வண்டியில் மேனேஜர். போர்வெல் போடும் அந்த வண்டியோடு ராஜஸ்தானுக்குப் போனால், அந்தப் பக்கம் மழை பிடித்த பிறகுதான் வீட்டை எட்டிப் பார்ப்பார். எங்கள் ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான் நடக்கின்றன. யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை. கொழுந்தனாருக்கோ லாரி பாடி கட்டும் பட்டறை, கூப்பிடு தூரத்தில். மத்தியானம் சாப்பிட வந்துவிடுவார். சாப்பாடு முடிந்து அவர்கள் இருவரும் எதையோ சொல்லிச் சிரிப்பது என் அறை வரைக்கும் கேட்கும். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பேன்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் வெளிப்பிராகாரத்துக்கும் நந்தவனத்துக்கும் நடுவே உயரமான கல்சுவர் ஒன்று உண்டு. பிராகாரத்தைப் பார்த்த தெற்குப் பக்கத்தில் அரைவட்டமாகக் கோடுகள் செதுக்கி, நடுவில் ஓர் இரும்புக் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியின் நிழல் காலையில் இடப்பக்கக் கோடுகளில் விழும். உச்சிப்பொழுதில் நேர் கீழே இறங்கும். சாயங்காலம் வலப்பக்கம் ஏறும். பகல் முப்பது நாழிகை, அதற்கு முப்பது இடைவெளி. உச்சிக்காலப் பூஜைக்கு அந்த நடுக்கோட்டைப் பார்த்துத்தான் ஒரு காலத்தில் மணி அடித்தார்கள். நான் புது மருமகளாக வந்தபோது இதைப் படித்துச் சொல்லி, "அட, நம்மூட்டு மருமகளுக்குக் கல்லுகூடப் பேசுது" என்று மாமியாரிடம் பேர் வாங்கியிருக்கிறேன். அந்தக் கல் என்னுடையது என்று எனக்குள் ஒரு நினைப்பு இருந்தது.

அந்தச் சித்திரையில் ஒருநாள் அவளோடு கோயிலுக்குப் போனேன். உச்சிவேளையில் கல்லின்மேல் நிழலே இல்லை. சுவரே இருண்டிருந்தது.

"என்னாக்கா, கடிகாரம் நின்னுபோச்சு?"

"சித்திரையில வெயில் நம்ம தலைக்கு மேல ஏறி, வடக்கால சாஞ்சிரும். ஆவணி வரைக்கும் மத்தியானத்துல இந்தச் சுவத்துல வெயில் படாது. அதுவரைக்கும் இதுக்கு லீவு" என்றேன், வகுப்பில் சொல்வதுபோலவே.

அவள் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அப்ப அந்தக் காலத்து ஆளுங்க நாலு மாசம் உச்சிக்கு மணியே அடிக்கலியா?"

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சுவரைச் சுற்றிக்கொண்டு நந்தவனத்துக்குள் போய்விட்டாள். சூரியன் வடக்கே சாய்ந்தால் சுவரின் வடக்குப் பக்கம் வெயில் படும். இதை வருஷா வருஷம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்க்க எனக்கு ஒரு தரம்கூடத் தோன்றியதில்லை.

அங்கேயும் ஓர் அரைவட்டம் இருந்தது. எத்தனை தலைமுறைச் சுண்ணாம்போ மேலே பூசியிருந்தார்கள். அடுத்த நாள் அவள் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு தேங்காய் நாரோடு போனதுதான் நான் முதலில் சொன்ன காட்சி. கம்பி இல்லை, துளை மட்டும் இருந்தது. கொழுந்தனார் பட்டறையில் ஒரு கம்பியை ராவிக் கொண்டுவந்தார். முன்பக்கத்துக் கம்பி எவ்வளவு தாழ்ந்திருக்கிறதோ அவ்வளவு இது உயர்ந்திருக்க வேண்டும் என்று அவளே கண்டுபிடித்தாள். ஒரே கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் நீட்டியிருப்பதுபோல. "இன்னும் கொஞ்சம் மேலங்க… போதும், போதும்" என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் அசைத்து அசைத்து நிறுத்தினார். நிழல் விழுந்தது. இந்தப் பக்கத்தில் காலை வலது, மாலை இடது, எல்லாம் திருப்பி. ஆனால் உச்சி அதே நேர் கீழ்தான்.

செய்தித்தாளில் படம் வந்தது. கல்லுக்குப் பக்கத்தில் அவள், பல் தெரியச் சிரித்துக்கொண்டு. என் பள்ளியிலேயே தகவல் பலகையில் அதைக் கத்தரித்து ஒட்டினார்கள். "உங்க சொந்தக்காரங்களாமே மிஸ்!" என்று பிள்ளைகள் கேட்டபோது சிரித்து வைத்தேன். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருக்கள் ஊர்க்காரர்களை உச்சிவேளைக்கு வரச் சொன்னார். நந்தவனம் நிறைந்துவிட்டது. அவள் உரக்க விளக்கிக்கொண்டே போனாள். நிழல் நடுக்கோட்டைத் தொட்டதும், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் செல்போனைத் தூக்கிக் காட்டினார். "ஏனம்மிணி, இதுல பன்னண்டேகால் ஆகப்போவுதுங்களே. கல்லு இப்பத்தான் பன்னண்டுங்குது?"

அவள் திணறினாள். "கல்லு பழசுங்க… தேஞ்சிருக்கும்" என்றாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

எனக்குள் ஏதோ குளிர்ந்தது. முன்னே வந்து சொன்னேன்: "கல்லு தப்பில்லீங்க. நாடு முழுக்க ஒரே மணி வேணும்னு, நமக்குக் கிழக்கால, அலகாபாத் பக்கம் போற ஒரு கோட்டு மேல சூரியன் வர்றத வெச்சு மணிய வெச்சிருக்காங்க. சூரியன் அங்க உச்சிக்கு வந்து, அப்புறந்தான் நமக்கு வரும். போன் அந்த ஊரு சூரியனச் சொல்லுது. கல்லு நம்மூரு சூரியனச் சொல்லுது."

கை தட்டினார்கள். பெரியவர் கும்பிட்டார். மாமியார் பக்கத்தில் நின்றவரிடம், "எங்க பெரியவ" என்றார், முகம் மலர. எத்தனை நாள் எதிர்பார்த்தது! திரும்பி அவளைப் பார்த்தேன். சுருங்கிப்போய் அரளிச் செடியோரம் நின்றாள். கொழுந்தனார் தோள்துண்டால் அவள் நெற்றியைத் துடைத்து, "உடு புள்ள. கல்லக் கண்டுபுடிச்சது நீயா அவங்களா?" என்றார் மெதுவாக. அவள் சிரித்துவிட்டாள்.

நான் ஜெயித்திருந்தேன். ஜெயித்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்தேன். சாயங்காலம் போனில் கணவரிடம் எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தேன். "அப்படியா, சரி சரி, கம்ப்ரசர் ஓடுது, ஒண்ணுங் கேக்கல, அப்பறம் கூப்புடறேன்" என்றார். கூப்பிடவில்லை. இத்தனை நாளாக அவள் பேரையும் படத்தையும் பார்த்தா வயிறெரிந்தேன் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன்.

ஆடியில் அவர் வந்தார். வந்த அலுப்புத் தீர்ந்ததும், "அந்தக் கல்லு என்னமோங்கறாங்களே, காட்டு போலாம்" என்று அவராகவே கிளம்பினார். வடக்குச் சுவரில் நிழல் நடுக்கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பெரிதாக விளக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "நாங்க குழி போடற எடத்துல இந்தக் கல்லு இருந்தா, இதே நேரத்துக்கு உச்சி காட்டுமா?"

"இல்லீங்க. அது நமக்கு மேக்கால. வெயில் நம்மளத் தாண்டித்தான் அங்க வரும்."

"எவ்வளவு நேரங் கழிச்சு?"

அரளிக் குச்சியால் மண்ணில் கணக்குப் போட்டேன். இருபத்துநாலு நிமிஷம், கிட்டத்தட்ட ஒரு நாழிகை வந்தது. அவர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "உனக்கு உச்சி வந்து ஒரு நாழிகை கழிச்சு எனக்கு" என்றார். மழை ஓய்ந்ததும் வண்டி ஏறிவிட்டார்.

மார்கழியில் வெளியூர்ப் பள்ளிப் பிள்ளைகள் கல்லைப் பார்க்க வந்தார்கள். வெயில் தெற்குச் சுவருக்குத் திரும்பியிருந்தது. என் ஓர்ப்படியாள்தான் விளக்கினாள். "போன் அந்த ஊரு சூரியனச் சொல்லுது, கல்லு நம்மூரு சூரியனச் சொல்லுது" என்று, தானே யோசித்ததுபோல, என் வார்த்தையை அப்படியே எடுத்துவிட்டாள். எனக்குப் பழைய எரிச்சல் கிளம்பத்தான் செய்தது. உச்சிக்கால மணி அடித்து, பிள்ளைகளும் போய்விட்டார்கள். நாங்கள் பொங்கல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை, பதறிப்போய் எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல" என்றார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை, வண்டியை நிறுத்தியிருந்தார். "ஒரு கம்பிய நட்டு வெச்சுப் பாத்துட்டே நிக்கறேன். நெழலு இப்பத்தான் நேரா வடக்கால திரும்புச்சு. அங்க உச்சி முடிஞ்சிருச்சா?"

"ஒரு நாழிகை ஆச்சுங்க" என்றேன்.

போனை மடியில் வைத்ததும் அவள் நெருங்கி வந்தாள். "யாருக்கா, மாமாவா? என்னா சொன்னாரு?"

"சும்மாதான்."

"சும்மாவா? மூஞ்சி அப்படிச் செவந்து கெடக்குது!" விடாமல் துருவி என்னிடமிருந்து விஷயத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கேட்டு முடித்ததும், தூணோரம் பொங்கல் தின்றுகொண்டிருந்த கணவரைப் பார்த்துத் திரும்பினாள். "நீங்க என்னிக்காச்சும் இப்படி எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கீங்களா?"

கையில் இலையோடு அவர் விழித்தார். "நான் பக்கத்துலயேதான புள்ள நிக்கறேன்?"

அவளுக்கு அது போதவில்லை. இலையை மடித்துப் போட்டுவிட்டு விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். நான் இன்னும் கொஞ்சம் பொங்கல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.