கண்ணால் கேட்பவர்கள்

வளையங்கள் கிறீச்சிடத் திரையை ஒரே இழுப்பில் மூடிவிட்டு, "இப்ப சொல்லுங்க சார், எது பழசு?" என்கிறார் அக்கா. இந்தப் பக்கம் முக்காலியில் உட்கார்ந்திருப்பவர் ஒரு பல் மருத்துவர். வீட்டில் ஏழெட்டுப் பழைய எலக்ட்ரிக் கிதார்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர். அந்தப் பக்கம் ஒருவர் ஒரே மெட்டை இரண்டு கிதார்களில் மாற்றி மாற்றி வாசிக்கிறார். மருத்துவர் கண்ணை மூடித் தலையை ஆட்டி, "ஆகா, இதுதான் பழசு! மரம் மூச்சு விடுது பாருங்க" என்று உருகுகிறார். அக்கா திரையை விலக்குகிறார். மருத்துவரை உருக வைத்தது போன மாதம் தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம் புதுக் கிதார்.

"மூச்சு விடுதாம் மூச்சு! கம்பி ஆடுது, கீழ இருக்கற காந்தம் அதைப் பிடிக்குது, வயர் வழியா ஸ்பீக்கர் பெட்டிக்கு வருது. நடுவுல மரம் எங்க சார் மூச்சு விட்டுச்சு? உங்க கிளினிக்ல வந்து பழைய பல்லுதான் நல்லா கடிக்கும்னு நான் சொன்னா ஒத்துக்குவீங்களா?"

அக்காவிடம் வாயைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்தவர்கள் குறைவு.

துணி வெளுக்கும் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். கீழே இஸ்திரிப் பெட்டியின் ஆவி சீறினால் மேலே பதிவு நின்றுவிடும். அக்கா ஜன்னலைத் திறந்து ஒரு சத்தம் போடுவார், கீழே ஊரே அடங்கிவிடும். கழுத்தில் ஹெட்ஃபோன் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வங்கிக்கும் அப்படியே போய்விடுகிறார். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, கோபத்துக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

பழைய கிதார் என்றால் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் கூட்டத்தைக் கண்டாலே அவருக்கு எரிச்சல். "கண்ணால கேக்காதீங்கடா! அதுக்குன்னு ரெண்டு பக்கமும் காது இருக்குல்ல?" என்பார். திரைக்குப் பின் வைக்கும் இரண்டு கிதார்களுக்கும் ஒரே மாதிரி புதுக் கம்பி மாட்டுவார். ஒரே வயர், ஒரே ஒலிப்பெட்டி, ஒலி கூட்டும் திருகின் மேல் அசையாதபடி ஒட்டுநாடா. தோற்றுப்போனவன் சாக்குச் சொல்ல ஒரு பொத்தல் இருக்கக்கூடாது என்பது அவர் வைராக்கியம்.

அதற்காகப் புதியதின் கட்சிக்காரர் என்றும் அவரைச் சொல்லிவிட முடியாது. பழைய மாடலை அச்சு அசலாகத் திரும்பச் செய்து, அதன் வண்ணத்தைச் சுரண்டி, திருகாணிக்குத் துருவும் ஏற்றி விற்கிறார்களே, அதை நினைத்தால் அவருக்கு வயிறு பற்றி எரிகிறது. "அடி வாங்காமலே தழும்பு! இவனுங்க நாளைக்குத் தொட்டில்ல கிடக்கற குழந்தைக்கு நரைமுடி ஒட்டி வித்தாலும் விப்பானுங்க."

இப்படிப்பட்டவரின் கூடத்துக்குத்தான் சென்ற மழைக்காலத்தில் அவருடைய சொந்த அண்ணன் கிதார்ப் பெட்டியோடு வந்து நின்றார்.

அண்ணன் ஒரு காலத்தில் மேடை மேடையாக வாசித்தவர். அழைப்புகள் நின்றுபோய்ப் பல வருஷமாகிறது. இப்போது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். ஓர் இளம் இசையமைப்பாளர் அவரைத் தேடிப் பிடித்து ஒரு பாட்டில் வாசிக்கக் கூப்பிட்டிருந்தார். இந்தப் பாட்டும் கைநழுவிவிட்டால் அண்ணன் அந்தப் பெட்டியை இனித் திறக்கவே மாட்டார் என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் அன்று காலையிலிருந்தே அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பயந்தபடியே ஆயிற்று. அண்ணனின் கிதாரில் கம்பியைத் தொடும் முன்பே ஒரு ரீங்காரம் கேட்டது. இசையமைப்பாளர் பணிவாகத்தான் சொன்னார்: "அங்கிள், இதுல இரைச்சல் ஜாஸ்தியா இருக்கு. என்கிட்ட இதே மாடல், புதுசா வந்தது இருக்கு. அதுல வாசிச்சிடுங்களேன்."

"இது வேணாம்னா நானும் வேணாம், தம்பி" என்று அண்ணன் பெட்டியை மூடப்போனார்.

அக்கா பொரிந்து தள்ளினார். "அண்ணே, உனக்கென்ன கிறுக்குப் பிடிச்சிருக்கா? ரெண்டும் ஒண்ணுதான். பாட்டைக் கேக்கற எவனுக்கும் வித்தியாசம் தெரியாது!"

"உனக்குமா தெரியாது, பாப்பா?"

தலை நரைத்த தங்கையை அண்ணன் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். இசையமைப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"எனக்கும்தான் தெரியாது!"

"அப்ப நீ உக்காரு."

அத்தனை வருஷத்தில் அக்காவை அந்த முக்காலியில் உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றியதில்லை. அவர் கண்டுபிடித்தால் பழையதில் வாசிப்பது, இல்லையென்றால் புதியதில் என்று பேச்சாயிற்று. ரீங்காரம் காட்டிக்கொடுக்காதபடி அக்காவே அதை வடிகட்டினார். கம்பிகளை மாற்றினார். தோற்கப்போகிறோம், அண்ணனும் அடங்கி வாசிப்பார் என்ற நிச்சயத்தோடு திரைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். அந்தப் பக்கம் இசையமைப்பாளர் வாசிக்கத் தொடங்கினார்.

முதல் சுரத்திலேயே அக்காவின் முகம் மாறிவிட்டது. தெரியவில்லை என்று ஒரு பொய் சொன்னால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அந்தத் திரைக்குப் பக்கத்தில் அவர் பொய் சொன்னதில்லை. "பழசு" என்றார், கடுப்போடு. அடுத்தது, "புதுசு." அதற்கடுத்தது, "இதுவும் புதுசுதான், ஏமாத்தப் பாக்காத." எழுந்து போய் வயரை மாற்றினார். திருகைச் சோதித்தார். திரும்ப வந்து உட்கார்ந்தார். ஒருமுறைகூடத் தவறவில்லை.

இசையமைப்பாளர் திரையை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். "அக்கா! அப்ப பழசுதான் நல்லா இருக்குன்னு நீங்களே ஒத்துக்கறீங்களா?"

"நல்லா இருக்குன்னு எவன் சொன்னான்?" அக்கா கத்தினார். தன் காதே தன்னைக் கவிழ்த்துவிட்ட ஆத்திரம் குரலில் நடுங்கியது. "அதுதான்னு தெரியுது, அவ்வளவுதான்! பக்கத்து ரூம்ல இந்தச் சனியன் கத்திக்கிட்டு இருந்தப்பதான் நான் கெமிஸ்ட்ரி பரீட்சைக்குப் படிச்சேன். ஒரு பக்கம் மண்டையில ஏறல. செவுத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் தெரியும், சமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் தெரியும். ஆகாதவன் செருப்புச் சத்தம் தெரியாம போகுமா?"

அண்ணன் தன் கிதாரை எடுத்துப் பக்குவமாக நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டு, இசையமைப்பாளரிடம் கையை நீட்டினார்.

"அந்தப் புதுசைக் குடு தம்பி, அதுலயே வாசிச்சிடறேன். இவளுக்குத் தெரிஞ்சுதுல்ல, அது போதும்." புதியதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வயரைச் செருகினார்.

"போதுமாமே, போதும்!" அக்கா எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது. "காலையிலேர்ந்து என் உசிரை வாங்கிட்டு, இப்ப பெரிய மனுஷத்தனம் பண்றியா? பழசு ஒசத்தின்னு இங்க எதுவும் நிரூபணம் ஆகல, ரெண்டு பேரும் காதுல வாங்கிக்கங்க. ரெண்டும் ஒண்ணுதான், நான் எங்க வேணாலும் சொல்லுவேன்." சொல்லிக்கொண்டே குனிந்து, அண்ணன் மடியில் இருந்த புதிய கிதாரிலிருந்து வயரைப் பிடுங்கி, பழையதில் செருகினார்.