ஒயில் பில்டரும் மாமியின் விதை நெல்லும்

மாமாவின் காருக்கு இன்று நானே ஒயில் பில்டர் மாற்றினேன்.

பழைய ஒயிலைப் பேசினில் வடித்து முடித்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு மாமி கார் நின்ற சரிவின் கீழ்ப்பக்கத்தில் படங்கு விரித்து நெல்லைக் காயப் போட்டார்.

"மாமி, கொஞ்சம் தள்ளிப் போடுங்களன்."

"வெயில் இஞ்சதான் மனே விழுது. நீ காரத் தள்ளு."

ஒயில் இல்லாத காரை ஸ்டார்ட் செய்ய முடியாது. தள்ளினால் நேரே நெல்லுக்குள்தான் போகும்.

"இது விதை நெல்லு. ஒரு சொட்டு விழுந்தாலும் உன்ன உடமாட்டன். கெம்பஸ் படிப்பப் பாதியில விட்ட மாதிரி இதையும் விட்டுட்டு ஓடிராத."

பில்டரை ஒரு ஷொப்பிங் பேக்கால் மூடி, பைக்குள்ளேயே திருகிக் கழற்றினேன். கறுப்பு ஒயில் பைக்குள் இறங்கியது. அந்த நேரம் வாவிக் காற்று பையின் ஒரு பக்கத்தைத் தூக்கியது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி காருக்கடியில் கிடந்தேன். மாமி விளக்குமாறோடு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பையைப் பத்திரமாகப் பேசினில் இறக்கினேன். புதியதைப் பூட்டப் போகும்போதுதான் பார்த்தேன், பழைய பில்டரில் ரப்பர் வளையம் இல்லை. அது இஞ்சினிலேயே ஒட்டியிருந்தது. அதன்மேல் பூட்டி ஸ்டார்ட் செய்திருந்தால் ஒயில் பீய்ச்சி, நெல் முழுக்க நாசமாகியிருக்கும். அதை உரித்தெடுத்தேன்.

பூட்டி, புது ஒயில் ஊற்றி, ஸ்டார்ட் செய்தேன். மாமி காருக்கடியில் எட்டிப் பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை.

"பரவாயில்ல மனே. ஒண்டையாவது முழுசா முடிச்சிட்டாய்."

என் பட்டமளிப்பு விழா இவ்வளவுதான். மாலையோடு வருபவர்கள் நெல்லை மிதிக்காமல் வரவும்.