சத்தத்தைக் குறைத்த தப்பு

தொண்ணூறுகளில், பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு தம்பதியின் ஐம்பதாவது திருமண நாளுக்கு எங்கள் ராக் குழு வாசித்தது. அவர்கள் இளமையில் ஆடிய ஸ்விங் என்ற பழைய ஆங்கில நடனப் பாட்டுகளைக் கிதார் அலற எங்கள் பாணியில் வாசித்தோம்.

மூன்றாவது பாட்டில் விழா நாயகரான பெரியவர் கைத்தடியோடு மேடைக்கு விரைந்து வந்தார். டிரம்ஸ் வாசித்த நான், திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். சத்தத்தைக் குறைக்கச் சொல்லிவிட்டு, "மன்னிச்சிடுங்க அங்கிள்" என்றேன்.

"ஏம்ப்பா கம்மி பண்ணீங்க?" என்று கத்தினார். "கோலார் சுரங்கத்துல வெடி வெச்சே காது போச்சு. எத்தனையோ வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் பாட்டு கேக்குது. ஏத்துங்கப்பா!"

ஏற்றினோம். அவர் மனைவியோடு ஆடினார். அந்த அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு ஆடினார்.

பெரியவர்களைக் கடுப்பேற்றத்தான் அதுவரை நான் சத்தமாக வாசித்தேன். அன்று முதல்முறையாக, ஒருவருக்குக் கேட்க வேண்டுமே என்று வாசித்தேன்.