பயத்தோடு செபித்த பிலோமினா அண்ணி

கடந்த செவ்வாய்க்கிழமை காலை கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் அம்மாவுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அண்ணாவின் அழைப்பு வந்தது. "சுமதி, பிலோ போயிட்டா," என்றார். "அம்மாவுக்கு நீயே சொல்லு. எனக்கு ஏலாது."

ஒரு காலத்தில் இதே தொலைபேசி மணிக்கு நாங்கள் நடுங்கியதுண்டு. அண்ணாவுக்கு ஏதும் ஆகிவிட்டது என்று அண்ணி சொல்லப்போகிறார் என்றே அப்போது பயந்தோம். அண்ணியைப் பற்றி அண்ணா இப்படிச் சொல்லும் காலை வரும் என்று ஒருவரும் நினைத்துப் பார்த்ததில்லை.

அண்ணி பிறந்ததும் வாழ்ந்ததும் துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையில்தான். அங்கே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்தார். அவர் கத்தோலிக்கர், நாங்கள் சைவர்கள். கலியாணம் முடிந்து நெடுநாள்வரை அம்மா அவருடன் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை, வருவதை நிறுத்தவுமில்லை.

அவரைத் தெரிந்த எல்லோருக்கும் அவருடைய பயந்த சுபாவமும் தெரியும். நாட்டில் காஸ் அடுப்புகள் வெடித்துக்கொண்டிருந்த மாதங்களில் சிலிண்டரைக் கழற்றி முற்றத்தில் வைத்துவிட்டு மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் கடற்பக்க ஜன்னலருகே இருக்கவே மாட்டார்.

"கடலுக்குப் பயந்த ஆள் ஏன் அண்ணி கப்பல்காரரைக் கட்டினீங்கள்?" என்று ஒருமுறை பகிடியாகக் கேட்டேன்.

"கட்டின பிறகுதான் பயம் தொடங்கினது," என்றார். அவர் சிரிக்கவில்லை.

அண்ணா ஒரு சரக்குக் கப்பலில் இஞ்சினியராக இருந்தார். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் அவருடைய கப்பலுக்கும் அந்த வழி வந்தது. "கொஞ்ச நாளைக்கு போன் வராது, யோசிக்க வேண்டாம்," என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். அதன் பிறகு ஒன்றும் வரவில்லை.

அண்ணியைத் தனியே விடக்கூடாது என்று அம்மாதான் என்னைக் கொட்டாஞ்சேனைக்கு அனுப்பினார். நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி பாதியாக இளைத்திருந்தார். துறைமுகப் பக்கமிருந்து கப்பற்சங்கு கேட்டால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுவார். இருந்தாற்போல் மூச்சு அடைக்கும். சோறு தொண்டைக்குள் இறங்காது. டாக்டர் கொடுத்த மாத்திரை கொஞ்சம் தூங்கவைத்தது. விழித்ததும் அதே பயம் கட்டிலருகே காத்திருந்தது.

ஒரு மத்தியானம் என்னை மாதா கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே ஒருவருமில்லை. வெளியே மழை இருட்டு. பைபிளை விரித்து என் மடியில் வைத்தார்.

"நீ வாசி சுமதி. எனக்கு எழுத்தெல்லாம் ஓடுது."

"நான் வாசிக்கலாமோ அண்ணி?"

"உனக்கு வாசிக்கத் தெரியும்தானே. அது காணும்."

அவர் காட்டியது கடலில் புயலில் அகப்பட்டவர்களைப் பற்றிய ஒரு திருப்பாடல். அலை அவர்களை வானத்துக்குத் தூக்கி ஆழத்தில் போடுகிற இடம் வந்ததும் நிறுத்தினேன். இந்த நேரத்தில் இவருக்கு இதையா வாசிப்பது என்று அடுத்த வரிகளுக்குத் தாவினேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விட்டிட்டுப் போகாத. அதையும் வாசி. நான் அதுக்குள்ளதான் இருக்கிறன்."

வாசித்தேன். புயல் அடங்கும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கதைப்பதுபோலச் செபித்தார். "ஆண்டவரே, அவரை நான் கையில பிடிச்சு வச்சிருக்கிறன் எண்டு நினைச்சனான். ஏலாமக் கிடக்கு. நீங்க பிடியுங்கோ. எனக்கு இண்டைக்கு ஒரு வாய் சோறு இறங்கினாக் காணும்."

வீட்டுக்கு வந்து பருப்பும் சோறும் சாப்பிட்டார். சாப்பிடும்போது கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, ஆனாலும் சாப்பிட்டார். "பயம் போயிட்டுதோ அண்ணி?" என்று கேட்டேன். "இல்ல. மடியில இருந்தது, இறங்கிப் பக்கத்தில இருக்குது," என்றார். அதன் பிறகு ஒவ்வொரு மத்தியானமும் வாசித்தோம். மூச்சடைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது.

பிறகு கப்பல் கம்பனியின் கொழும்பு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. கப்பல் தாக்கப்பட்டிருந்தது. ஆட்களை வேறொரு கப்பல் ஏற்றிக்கொண்டது. ஒருவரைக் காணவில்லை. பெயர் இன்னும் வரவில்லை என்றார்கள்.

நான் நிலத்தில் இருந்துவிட்டேன். அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்து என் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தார். "இண்டைக்கு நான் வாசிக்கிறன்," என்றார். "நீ கேள்." வாசித்து முடித்துவிட்டுத் திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். எனக்கு அந்தச் சொற்களில் நம்பிக்கை இருந்ததா என்று தெரியாது. அவருடைய குரல் நிற்கக்கூடாது என்று மட்டும் இருந்தது. அது நிற்கவில்லை.

அடுத்த நாள் அண்ணாவே அழைத்தார். நான் கத்தி அழுதேன். அண்ணி போனை வாங்கி, "காணாமப்போனது ஆர்?" என்று கேட்டார்.

அவர் ஒரு பிலிப்பைன்ஸ்காரர். அன்றைக்கு இஞ்சின் அறையில் அண்ணாவின் இடத்துக்கு மாறி நின்றவர்.

வெள்ளவத்தையிலிருந்து அம்மா ஆள் விட்டு இனிப்பு அனுப்பினார். அண்ணி அதைத் தொடவில்லை. "நன்றி சொல்ல வாய் வருகுதில்ல சுமதி. அவற்ற மனிசியும் இப்பிடித்தானே செபிச்சிருப்பா?" என்றார். அதையே பங்குத்தந்தையிடமும் கேட்டார். "சேர்ந்து செபிப்போம்," என்று மட்டும் பாதர் சொன்னாராம். அன்றிலிருந்து பெயர் தெரியாத அந்த மனைவிக்காக அண்ணி ஒவ்வொரு ஞாயிறும் மெழுகுதிரி ஏற்றினார்.

அண்ணா கடலை விட்டுவிட்டுத் துறைமுகத்திலேயே வேலை எடுத்தார். கண்டம் கழிந்தது என்று எல்லோரும் ஆறுதலாக மூச்சுவிட்டோம். அந்த நாட்களின் படங்களை இப்போது பார்க்கிறேன். பிறந்தநாள் ஒன்றில், கிறிஸ்து பிறந்த நத்தார் விருந்தில், எங்கள் வீட்டுப் பொங்கலில், எல்லாவற்றிலும் அண்ணியின் ஒரு கை விலாவை அழுத்திக்கொண்டிருக்கிறது. கேட்டால் கோயிலில் நெடுநேரம் முழங்காலில் நின்ற நோவு என்பார். நாங்களும் நம்பினோம். டாக்டர்மார் கண்டுபிடித்தபோது நோய் ஈரல் முழுவதும் பரவியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணி பயப்படாமல் கிடந்தார் என்று எழுதினால் அது பொய். சில நாட்களில் யாரோ உள்ளே வரப்போவதுபோல் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் நான் பைபிளை எடுத்தபோது, "இண்டைக்கு ஒண்டும் உள்ள போகுதில்ல," என்றார்.

"அப்ப நிப்பாட்டட்டோ?"

"வேண்டாம். நீ வாசி. எனக்குக் கேக்காட்டியும் ஆண்டவருக்குக் கேக்கும்."

கடைசியாக நான் பார்த்தது திங்கட்கிழமை பின்னேரம். நோவுக்கு ஊசி போடும் நேரம் கடந்திருந்தது. தாதியைக் கூப்பிட எழும்பினேன். "கொஞ்சம் இரு," என்று சொல்லிக் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. என்ன கேட்டார் என்று எனக்குக் கேட்கவில்லை. நெற்றிச் சுருக்கம் மெதுவாக விரிந்தது. மறுநாள் விடியும்போது போய்விட்டார்.

நேற்று அடக்கம். கடலிலிருந்து கறுத்துக்கொண்டு வந்த மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். காற்றில் மலர்வளையம் ஒன்று உருண்டு போனது. பாதரின் குரல் பாதிதான் கேட்டது. முதல் துளிகள் விழுந்ததும் ஆட்கள் மரங்களுக்கடிக்கு ஓடினார்கள். அண்ணா மட்டும் நின்றார். குழியின் ஓரத்தில் முழங்காலிட்டு, ஈர மண்ணில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றி வைத்திருந்தார். ஒருவரும் அவரை எழுப்பவில்லை.

அண்ணி, உங்கள் ஆண்டவரை எனக்கு நேரே தெரியாது. உங்கள் வாயால்தான் தெரியும். இங்கே எங்களுக்கு இன்னும் என்னென்ன வர இருக்கிறதோ தெரியவில்லை. நான் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். ஆனாலும் இன்று மத்தியானம் அண்ணாவுக்கு ஒரு வாய் சோறு இறங்க வேண்டும் என்று கேட்டேன். இறங்கியது. போய் வாருங்கள்.