அக்காவின் சனிக்கிழமை

போதகரே, அக்காவின் வேலையைக் கெடுத்தது கம்பெனி இல்லை, நீங்கள்தான்.

நான் உங்கள் சபையைச் சேர்ந்தவள் இல்லை. வடக்குப்பட்டில் எங்கள் வீட்டு மாடி அறையில்தான் அக்கா வாடகைக்கு இருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் சோறும் குழம்பும் ஆக்கி மூடிவைப்பாள். இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றி, கைகளால் கண்ணைப் பொத்தி ஜெபிப்பாள். இயேசுவை யேசுவா என்பாள். அதன்பின் சனிக்கிழமை பொழுது சாயும்வரை அடுப்பு இல்லை, வேலை இல்லை. போனை அணைத்துப் பெட்டிக்குள் வைத்துவிடுவாள். "எது போனாலும் ஓய்வுநாள விட்டுராதீங்கன்னு போதகர் சொல்லியிருக்காரு" என்பாள். நீங்கள் சொன்னதை வேத வசனம்போலச் சொல்வாள்.

எனக்கு வார லீவு சனி, அவளுக்கு ஞாயிறு. பழைய சூப்பர்வைசர் ஒப்புக்கொண்டதால் மாற்றிக்கொண்டோம். லைனில் எல்லாரும் கிண்டல் செய்தார்கள்.

"இன்னாக்கா, சாமி உனுக்கு மட்டும் சனிக்கெழம லீவு வுட்டுகீறாரா?"

"உனக்கும்தான் விட்டிருக்காரு. நீ எடுக்க மாட்டேங்க, நான் எடுத்துக்கிடுதேன்."

புது சூப்பர்வைசர் வந்தார். இனி லீவு மாற்றக்கூடாது என்று வெள்ளிக்கிழமை இரவு அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார். போன் பெட்டிக்குள் கிடந்தது. மறுநாள் அவளுக்குப் பதிலாகப் போன என்னை கேட்டிலிருந்தே திருப்பி அனுப்பினார். ஓடி வந்து சொன்னேன். உடனே கிளம்பியிருந்தால் அரை நாள் வேலையாவது பார்த்திருக்கலாம். அடுத்த மாதம் அவளைப் பர்மனென்ட் ஆக்குவதாகப் பேச்சு இருந்தது. அதையும் சொல்லிக் கெஞ்சினேன். பாயில் உட்கார்ந்தபடியே, "இன்னைக்கு ஏலாதுட்டி" என்றாள்.

திங்கட்கிழமை எச்.ஆர். இருவரையும் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. சனிக்கிழமை வேலை செய்யக்கூடாது என்பது உண்மையிலேயே அக்காவின் மதத்தில் உண்டா, அவள் சபைப் பெரியவர் சொல்லட்டும், லீவையே சனிக்கிழமைக்கு மாற்றித் தருகிறேன் என்றார். அக்காவின் முகம் தெளிந்தது. உங்கள் நம்பரைப் பார்க்காமலே சொன்னாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்படி ஒண்ணும் கட்டாயம் இல்ல சார். அது அவங்க தனிப்பட்ட விருப்பம்" என்றீர்கள். எந்தக் கம்பெனி என்றுகூடக் கேட்கவில்லை. தேங்க்ஸ் சொல்லி வைத்துவிட்டீர்கள்.

எச்.ஆர். அக்காவைப் பார்த்தார். இனி சனிக்கிழமை வருவதாக இருந்தால் இருக்கலாம் என்றார். அவள் கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. வெளியே வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினோம். வழியெல்லாம் லாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தோம்.

பிறகுதான் விசாரித்தேன். எங்கள் கம்பெனி இருக்கும் இதே சாலையில் இன்னொரு கம்பெனியில் நீங்கள் ஆபீஸ் ஸ்டாஃப். வாரத்துக்கு ஐந்து நாள் வேலை. சனிக்கிழமை உங்களை யாரும் கூப்பிடப் போவதில்லை. ஓய்வுநாளுக்காக உங்கள் கையை விட்டு ஒன்றும் போனதில்லை.

ஊருக்குப் போகத் துணியை மடித்துக்கொண்டிருந்தபோது அக்கா உங்களுக்காகத்தான் பேசினாள். "அவருக்கும் வேலயில ஏதும் சங்கடம் இருக்கும்லா." இப்போது அந்த அறையில் வேறொரு பெண் இருக்கிறாள். எனக்குச் சனிக்கிழமை மறுபடி லீவு. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். ஒன்றும் தோன்றுவதில்லை.

வாலாஜாபாத்தில் உங்கள் சபை கூடும் மாடி எனக்குத் தெரியும். வருகிற சனிக்கிழமை வருவேன். ஓய்வுநாள் கட்டாயமா, விருப்பமா? எச்.ஆரிடம் போனில் சொன்ன பதிலை, அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி மைக்கில் சொல்லுங்கள்.